புனிதர் பக்கத்தில் ஆறடி: நிஜாமுதீன் எப்படிக் கல்லறைகளின் ஊரானது?

சென்னையிலிருந்து மாற்றலாகி டெல்லி மயூர் விஹாரில் குடியேறியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிஜாமுதீன் பக்கம் போனால் திரும்பிய இடமெல்லாம் குவிமாடம். ஹுமாயூன் சமாதி தெரியும், மற்றவை யாருடையவை? ஏன் எல்லாம் இந்த ஒரே இடத்தில்? இஸ்லாத்தில் எளிய மண் கல்லறைதானே முறை, பிறகு இவ்வளவு பெரிய கட்டடங்கள் எப்படி வந்தன? மெரினாவில் அண்ணா பக்கத்தில் இடம் கேட்ட கதைதானா இதுவும்?"

கடைசிக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. 1969-ல் அண்ணாவை மெரினாவில் அடக்கம் செய்தார்கள். 1987-ல் எம்.ஜி.ஆர்., 2016-ல் ஜெயலலிதா. 2018 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கருணாநிதி இறந்த இரவு, அந்த இடத்துக்காக வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், மறுநாள் காலையில்தான் அனுமதி வந்தது. சென்னையில் அடக்கம் செய்ய வேறு இடம் இல்லாமலா அத்தனை போராட்டம்? யாருக்குப் பக்கத்தில் என்பதுதான் அங்கே விஷயம். நிஜாமுதீனிலும் அதேதான் நடந்திருக்கிறது, ஏறக்குறைய 700 ஆண்டுகளாக.

ஆனால் இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. இங்கே அடங்கியிருக்கும் சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா என்ற புனிதருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதே கட்டடத்தின் அளவையும் உருவத்தையும் தீர்மானித்திருக்கிறது. பக்கத்தில் இடம் கிடைத்தவர்கள் ஆறடியோடு திருப்தியடைந்தார்கள். தோட்டமும் குவிமாடமும் வேண்டியவர்கள் தள்ளிப் போனார்கள். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் இந்த வட்டாரம் முழுக்கப் புரிந்துவிடும்.

முதலில் மார்க்கம் பற்றிய சந்தேகம். நீங்கள் சொல்வது சரிதான். கப்ருக்கு, அதாவது கல்லறைக்கு, மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்பதற்கு நபிமொழிகளைக் காட்டுவார்கள். அரசர்கள் அதை மீறியே கட்டினார்கள். டெல்லியில் நிற்கும் இவ்வகைக் கட்டடங்களில் மிகப் பழையது வசந்த் குஞ்ச் பக்கம் உள்ள சுல்தான் காரி. இல்துத்மிஷ் தன் மகனுக்காக 1231-ல் கட்டியது. அங்கே கல்லறை தரைக்குக் கீழே நிலவறைக்குள் இருக்கிறது. பிறகு குதுப் வளாகத்தில் இல்துத்மிஷின் சொந்தச் சமாதி, மெஹ்ரௌலியில் பல்பனுடையது, துக்ளகாபாத்தில் கியாசுதீன் துக்ளக்குடையது என்று வரிசை நீள்கிறது. மார்க்கம் ஒன்று சொல்ல அரண்மனை ஒன்று செய்வது புதிதல்ல. நம் சோழர்களும் இறந்த அரசருக்குப் பள்ளிப்படை என்று சிவன் கோயிலே கட்டியவர்கள்தானே. ராஜராஜன் மேல்பாடியில் அரிஞ்சயனுக்குக் கட்டியது இன்னும் நிற்கிறது.

இனி நிஜாமுதீன். ஹஸ்ரத் நிஜாமுதீன் அவுலியா வாழ்ந்தபோது இந்த இடத்துக்குப் பெயர் கியாஸ்பூர், யமுனை ஓரத்துக் கிராமம். நதி அப்போது இங்கிருந்து வெகு பக்கத்தில் ஓடியது. அவர் அரசர்களிடமிருந்து விலகியே இருந்தவர். "என் வீட்டுக்கு இரண்டு வாசல். சுல்தான் ஒன்றின் வழியாக வந்தால் நான் இன்னொன்றின் வழியாகப் போய்விடுவேன்" என்று அவர் சொன்னதாக வழக்கு. 1325-ல் மறைந்தார். உயிரோடு இருந்தபோது அண்டவிடாத மனிதரின் காலடியில், இறந்த பிறகு அரச குடும்பங்கள் வந்து படுத்துக்கொண்டன. அவரால் இன்னொரு வாசல் வழியாகப் போக முடியவில்லை.

அவருடைய சமாதியே ஒரே காலத்தில் எழுந்தது அல்ல. முதல் கட்டடத்தை முகமது பின் துக்ளக் கட்டியதாகச் சொல்வார்கள். இப்போது நாம் பார்ப்பது 1562-63-ல் ஃபரிதுன் கான் என்ற பிரபு எழுப்பியது. அதன் மேலும் பின்னால் வந்தவர்கள் தூண் வரிசை, பளிங்கு, குவிமாடம், வண்ணப் பூச்சு என்று ஆளுக்கொன்று சேர்த்துக்கொண்டே போனார்கள். ஆகவே தர்காவுக்குள் நின்று 'இது பதினான்காம் நூற்றாண்டு' என்று யாராவது கைகாட்டினால், எந்தக் கல்லைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் படிக்கிணறும் ஜமாஅத் கானா மசூதியும்தான் உண்மையில் அந்தக் காலத்தவை.

குருவுக்குத் தெற்கே, கால்மாட்டில், அவருடைய சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோ. அதே 1325-ல் சில மாதங்கள் கழித்து இறந்தார். அவருக்கு மேலே உள்ள பளிங்குக் கட்டடம் ஜஹாங்கீர் காலத்தது, 1605 வாக்கில் வந்தது. அதாவது கவிஞர் இறந்து 280 ஆண்டுகள் கழித்து. முதலில் குஸ்ரோவிடம் சலாம் சொல்லிவிட்டுத்தான் குருவிடம் போக வேண்டும் என்பது தர்கா வழக்கம்.

இந்த இருவருக்கும் நடுவே உள்ள சிறு முற்றம்தான் டெல்லியிலேயே விலைமதிக்க முடியாத அடக்க இடம். அங்கே மூன்று பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது: ஷாஜஹானின் மகள் ஜஹனாரா, 1748-ல் இறந்த பாதுஷா முகமது ஷா, 1821-ல் இறந்த மிர்ஸா ஜஹாங்கீர். மூன்றுமே பளிங்குச் சல்லடைச் சுவர் சூழ்ந்த சின்னஞ்சிறு அடைப்புகள். மூன்றுக்கும் கூரை இல்லை.

முகமது ஷா யார் என்று யோசித்துப் பாருங்கள். ஏறத்தாழ 30 ஆண்டு அரியணையில் இருந்தவர். 1739-ல் நாதிர் ஷா வந்து டெல்லியைக் கொன்று குவித்து மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு போனது இவர் காலத்தில்தான். முப்பாட்டனார்கள் ஏக்கர் கணக்கில் தோட்டம் போட்டுப் படுத்திருக்க, இவருக்கு ஒரு அறை அளவு இடம். காசு இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் புனிதருக்கு இவ்வளவு பக்கத்தில் கேட்டால் பாதுஷாவாக இருந்தாலும் அவ்வளவுதான் கிடைக்கும் என்பதும் உண்மை. மிர்ஸா ஜஹாங்கீர் இரண்டாம் அக்பரின் செல்ல மகன். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மீது துப்பாக்கியால் சுட்டு அலகாபாத்துக்கு நாடு கடத்தப்பட்டவர், குடித்துக் குடித்தே இறந்தவர். அவருக்கும் இங்கே இடம் உண்டு.

ஜஹனாராவின் கல்லறைதான் என்னைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்தின் உச்சம். முகலாயப் பேரரசின் பெரும் பணக்காரிகளில் ஒருவர். சாந்தினி சௌக் கடைத்தெருவை அமைத்தவர். அப்பா தாஜ்மஹால் கட்டியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். 1681-ல் இறப்பதற்கு முன்பே தன் கல்லறையைத் தானே அமைத்துக்கொண்டார். கல்லின் மேல்பகுதியைக் குடைந்து மண் நிரப்பியிருக்கிறார்கள், அதில் புல் முளைக்கிறது. தலைமாட்டில் உள்ள பாரசீக வரிகளின் பொருள் இது: என் கல்லறையைப் பச்சைப் புல்லைத் தவிர வேறெதுவும் மூட வேண்டாம், எளியோருக்குப் போர்வையாக அதுவே போதும். எளிமை என்று இதைச் சொல்லிவிடலாம்; நான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன். சுற்றியுள்ள பளிங்குச் சல்லடை வேலையைப் பாருங்கள், அது எளியவர் செலவு அல்ல. மார்க்கம் கேட்கும் மண் கல்லறையையும் அரண்மனை கேட்கும் பளிங்கையும் ஒரே இடத்தில் பொருத்திக்காட்டிய சாமர்த்தியம் அது. உங்கள் முரண்பாட்டுக்கு முகலாயர் தந்த மிக நல்ல பதிலும் அதுதான்.

தர்காவை விட்டு ஒரு சந்து வெளியே வாருங்கள். இங்கே அத்கா கானின் சமாதி. கன்னௌஜ் போரில் தோற்று ஓடிய ஹுமாயூனை ஆற்றிலிருந்து கரையேற்றியவர் இவர். இவர் மனைவி அக்பரின் பால்தாய். 1562-ல் ஆக்ரா கோட்டையில் அத்கா கானை, அக்பரின் இன்னொரு பால்தாயின் மகனான ஆதம் கான் குத்திக் கொன்றான். ஆத்திரமடைந்த அக்பர் அவனை மாடியிலிருந்து தூக்கி எறியச் சொன்னார். உயிர் இருந்ததால் மறுபடி மேலே ஏற்றி இன்னொரு முறை எறியச் சொன்னார். கொல்லப்பட்டவருக்கு நிஜாமுதீன் அருகே இடம். கொன்றவனுக்கு மெஹ்ரௌலியில், குத்புதீன் பக்தியார் காக்கி தர்காவுக்குப் பக்கத்தில் இடம். ஆக இருவருமே ஒரு புனிதரின் நிழலில்தான். அத்கா கான் சமாதியை அவர் மகன் மிர்ஸா அஜீஸ் கோகா 1566-67-ல் கட்டினார். கட்டடம் சிறியது. ஆனால் சிவப்புக் கல், வெண்பளிங்கு, வண்ண ஓடு, குர்ஆன் வசனங்கள் என்று சுவரில் ஒரு சாண் சும்மா விடவில்லை. பக்கவாட்டில் விரிய இடம் இல்லாதவர் செலவைச் சுவர்மேல் காட்டியிருக்கிறார்.

அந்த அஜீஸ் கோகா தனக்கென்று கட்டிக்கொண்டது சற்றுத் தள்ளி இருக்கும் சௌசட் கம்பா, 1623-24-ஐச் சேர்ந்தது. பெயருக்கேற்ப 64 தூண்கள், முழுக்கப் பளிங்கு. உள்ளே 25 சிறு குவிமாடங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கூரை தட்டையாக இருக்கும். சமாதி என்பதைவிட நம் கோயில் மண்டபம் போலத் தோன்றும். காற்று நான்கு பக்கமும் புகுந்து போகும். வெயில் நாளில் டெல்லியில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

இவ்வட்டாரத்தில் யாரும் தேடிப் போகாத ஒரு சமாதி உண்டு. ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் அமைச்சர் கான்-இ-ஜஹான் திலங்கானி. தெலங்கானாவிலிருந்து வந்து, மதம் மாறி, டெல்லி சுல்தானகத்தின் இரண்டாவது பெரிய மனிதரானவர். 1368-69-ல் அவருக்குக் கட்டியதுதான் டெல்லியின் முதல் எண்கோணச் சமாதி. அதுவரை சதுரம்தான். நடுவில் எண்கோண அறை, சுற்றிலும் தாழ்வாரம், மேலே குவிமாடம் என்ற இந்த அமைப்பு பிறகு சையத், லோதி அரசர்களின் வழக்கமாகிவிட்டது. லோதி கார்டனில் 1444-ஐ ஒட்டிக் கட்டிய முகமது ஷா சையதின் சமாதியும், 1517-ன் சிக்கந்தர் லோதி சமாதியும் இதன் வாரிசுகள். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த எத்தனையோ டெல்லித் தமிழ்ப் பிள்ளைகள் அந்தத் தோட்டத்தில் ஓடி விளையாடியிருப்பார்கள். அந்த எண்கோணத்துக்கு மூலம் ஒரு தெற்கத்தி ஆளின் கல்லறை என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. மூலச் சமாதி இன்று குடியிருப்புச் சந்துகளின் நெருக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. லோதி சமாதிகளுக்கோ 1936-ல் ஒரு கிராமத்தையே அப்புறப்படுத்திப் பூங்கா போட்டார்கள்.

இப்போது மதுரா ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம். இடம் தாராளம், அதனால் கட்டடமும் தாராளம். ஹுமாயூன் சமாதியின் வளாகத்துக்குள் நுழைந்ததும் வலப்புறம் ஈசா கான் நியாஜி, ஷேர் ஷா தரப்புப் பிரபு, 1547-48. ஹுமாயூனை நாட்டை விட்டுத் துரத்திய தரப்பின் ஆள் ஹுமாயூனுக்கே வாசல்காரராகப் படுத்திருக்கிறார். அவர்தான் முதலில் வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். அவருடையது எண்கோணம், அந்த வரிசையின் கடைசிப் பெரிய கட்டடங்களில் ஒன்று. அங்கிருந்து எழுந்து ஹுமாயூன் சமாதிக்கு நடந்தால், இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் என்ன மாறியது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஹுமாயூன் 1556 ஜனவரியில் புராணா கிலாவில் நூலகப் படியில் விழுந்து இறந்தார். முதலில் அங்கேயே அடக்கம். அந்த ஆண்டே ஷேர் ஷா வம்சத்தின் தளபதி ஹேமு டெல்லியைப் பிடித்ததால் உடலை சிர்ஹிந்துக்குக் கொண்டுபோய்ப் பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். 1572 வாக்கில் முடிந்த இந்தச் சமாதியை மூத்த மனைவி பேகா பேகம் முன்னின்று கட்டினார். கட்டடக் கலைஞர் மீரக் மிர்ஸா கியாஸ் பாரசீக மரபில் வந்தவர். அவர் கொண்டுவந்த முக்கியமான சங்கதி இரட்டைக் குவிமாடம். ஒற்றைக் குவிமாடமாக இருந்தால், வெளியே உயரமாகத் தெரிய வேண்டுமானால் உள்ளே அண்ணாந்து பார்த்தால் இருட்டுக் குழி போல ஆகிவிடும். உள்ளே அளவாக வைத்தால் வெளியே குட்டையாகத் தெரியும். இரண்டு ஓடுகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் இரண்டு சிக்கலும் தீரும். சிக்கந்தர் லோதி சமாதியில் இது சிறிய அளவில் முயலப்பட்டது, இங்கேதான் முழு உருவம் பெற்றது. நான்காகப் பிரித்த சார் பாக் தோட்டத்தின் நடுவில், உயரமான மேடைமேல் சமாதி என்ற அமைப்பும் இந்த அளவில் இந்தியாவில் இதுவே முதல்.

இதைத் 'தாஜ்மஹாலுக்கு ஒத்திகை' என்று சொல்லும் வழிகாட்டிகளை எனக்குப் பிடிக்காது. ஒரு குடும்பம் மொத்தமும் அடங்குவதற்கான இடம் இது. மேடைக்கு அடியில் வரிசையாக அறைகள், நூற்றுக்கும் மேற்பட்ட முகலாயர்களின் கல்லறைகள், பெரும்பாலும் பெயர் இல்லாமல். அண்ணன் தம்பிச் சண்டையில் தோற்று 1659-ல் கொல்லப்பட்ட தாரா ஷிகோவும் இங்கேதான் எங்கோ இருக்கிறார். எது அவருடையது என்று கண்டுபிடிக்க 2020-ல் மத்திய அரசு ஒரு குழுவே அமைத்தது.

பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். மண்டபத்தில் தெரியும் பளிங்குக் கல் அடையாளத்துக்கு மட்டுமே, உடல் அதற்கு நேர் கீழே நிலவறையில் இருக்கும். கல்லின் மேல் எழுதுகோல் பெட்டி போல மேடு இருந்தால் ஆண், எழுதும் பலகை போலத் தட்டையாக இருந்தால் பெண். தலை வடக்கே, முகம் மேற்கே மக்கா திசையில். எழுத்தே இல்லாத கல்லில்கூட இவ்வளவு படித்துவிடலாம்.

பிரபுக்கள் ஏன் உயிரோடு இருக்கும்போதே சமாதியில் காசைக் கொட்டினார்கள் என்பதற்கு உலகியல் காரணமும் ஒன்று உண்டு. முகலாயப் பிரபு இறந்தால் அவர் சொத்து பாதுஷாவிடம் திரும்பிப் போகும். சமாதியும் அதைச் சுற்றிய தோட்டமும் மட்டும் நிலைத்தன. பிள்ளைகளுக்கு விட்டுப்போக முடியாத பணம் கல்லாக நின்றது.

கல்லும் எப்போதும் நிலைக்கவில்லை என்பதற்கு ரஹீம். அக்பரின் தளபதி, நம் பிள்ளைகள் டெல்லிப் பள்ளியில் இந்திப் பாடத்தில் மனப்பாடம் செய்யும் ஈரடிகளை எழுதியவர். 1598 அளவில் மனைவி மாஹ் பானுவுக்காக ஒரு சமாதி கட்டினார். மனைவிக்குக் கணவன் கட்டிய மகத்தான சமாதி, தாஜ்மஹாலுக்கு ஒரு தலைமுறை முன்னால். 1627-ல் அவரும் அங்கேயே அடக்கமானார். 1754-ல் அவத் நவாப் சஃப்தர்ஜங்குக்குச் சமாதி கட்டியபோது பளிங்குக்கும் சிவப்புக் கல்லுக்கும் எங்கே போவது? ரஹீம் சமாதியிலிருந்து உரித்துக்கொண்டு போனார்கள். பேரரசு சரிந்த கதையை இந்த ஒரு திருட்டு சொல்லிவிடும். சஃப்தர்ஜங்கோடு டெல்லியின் பெரிய தோட்டச் சமாதி மரபும் முடிந்தது.

அதன் பிறகு நினைவுச் சின்னங்கள் மெலிந்துபோயின. உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப் 1869-ல் இறந்தபோது லோஹாரு குடும்பத்து அடக்க இடத்தில், சௌசட் கம்பாவை ஒட்டி, சாதாரணக் கல்லறைதான். இன்றுள்ள பளிங்குக் கட்டடம் சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களில் ரசிகர்கள் முயற்சியில் வந்தது. குஸ்ரோவுக்கு நடந்ததேதான்: கவிஞர்களுக்குப் பளிங்கு தாமதமாகத்தான் வருகிறது. கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜஃபர் 1857-ல் ஹுமாயூன் சமாதியில் ஒளிந்திருந்து பிடிபட்டார். அவர் தனக்கென்று மெஹ்ரௌலியில் காக்கி தர்கா பக்கம் இடம் குறித்து வைத்திருந்தார். 1862-ல் ரங்கூனில் அடக்கம்.

1947-ல் ஹுமாயூன் சமாதித் தோட்டத்தில் அகதிகள் கூடாரம் அடித்தார்கள். இறந்தவர்கள் இடம் பல ஆண்டுகள் இருப்பவர்கள் இடமாக இருந்ததில் தோட்டமும் கல்லும் சிதைந்தன. பழுது பார்ப்பு பெரிய அளவில் தொடங்கியது 1997-க்குப் பிறகு, தொல்லியல் துறையும் ஆகா கான் அறக்கட்டளையும் சேர்ந்து. முதலில் தோட்டம், பிறகு சமாதி. முந்தைய நூற்றாண்டில் 'பழுது' என்ற பேரில் கூரைமேல் அடுக்கடுக்காகப் போட்ட சிமென்ட் கான்கிரீட்டை மட்டும் 10 லட்சம் கிலோ அளவுக்கு எடுத்தார்கள். சின்ன விதானங்களில் உதிர்ந்துபோன நீல ஓடுகளைப் புதிதாகச் செய்து பதித்தார்கள். உஸ்பெகிஸ்தான் கைவினைஞர்கள் வந்து நிஜாமுதீன் பஸ்தி (குடியிருப்பு) இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். சிதைந்ததைச் சிதைந்தபடியே விட வேண்டும், புது ஓடு ஒட்டுவது ஒப்பனை என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே சொன்னது போல இங்கே எந்தக் கட்டடமும் ஒரே காலத்தில் முடிந்துபோனது அல்ல, ஒவ்வொரு தலைமுறையும் கை வைத்துக்கொண்டேதான் வந்திருக்கிறது. ரஹீம் சமாதியின் குவிமாடத்தில் மட்டும் பளிங்கை முழுக்கப் பதிக்காமல் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் வைத்துவிட்டு மற்றதை மொட்டையாக விட்டிருக்கிறார்கள். கொள்ளை போனது தெரிய வேண்டும் என்று அப்படி விட்டது சரியான முடிவு.

போகும் வழி. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிங்க் லைனில் சராய் காலே கான். காலையில் ஹுமாயூன் வளாகம், அதில் ஈசா கானை முதலில். வெயில் ஏறும் முன் எதிரே சுந்தர் நர்சரியில் உட்கார்ந்து கையில் கொண்டுபோன இட்லியைச் சாப்பிடலாம். பிற்பகல் ரஹீம், பிறகு காலிப், சௌசட் கம்பா, அத்கா கான் என்று உள்ளே நெருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் தர்கா. பெரிதிலிருந்து சிறிதுக்குப் போகும் இந்த வரிசைதான் நான் சொன்ன கணக்கைக் காட்டும். வியாழக்கிழமை என்றால் மாலையில் கவ்வாலி இருக்கும், கூட்டமும் அப்படியே. தலையை மூடிக்கொள்ளத் துணி எடுத்துப் போங்கள். உங்கள் வீட்டம்மாவை அழைத்துப் போவதானால் முன்பே சொல்லிவிடுங்கள்: சமாதி அறைக்குள் பெண்களை விடுவதில்லை, சல்லடைக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஜஹனாராவின் அடைப்பை உள்ளூர்க்காரர் யாரையாவது கேட்டால்தான் காட்டுவார்கள், முற்றத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள்.